காற்றுக்குக் காத்திருந்தவர்களின் மலை

எனக்குத் தொண்டை பெரிது. இதை நானே சொல்லக்கூடாது, ஆனால் திருகோணமலையில் எங்கள் லிங்கநகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் நான். மைதானத்தின் இந்த மூலையில் நின்றுகொண்டு அந்த மூலையில் மரநிழலில் ஒளித்து நிற்கிற பிள்ளையை ஓடவைக்க வேண்டுமென்றால் தொண்டை வேண்டும். விசில் எல்லாரையும் ஒரே மாதிரி வெருட்டும். குரல் ஆளைப் பார்த்து வெருட்டும். அதனால் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாயால்தான் வேலை பார்த்தேன்.

ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் அந்தத் தொண்டை முழுவதும் என் கணவர் பக்கம் திரும்பியது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி எனக்கு முன்னரே ஓய்வுபெற்றவர். பொறுமைசாலி. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, கீழே ஆட்கள் கத்துவதைக் காதில் வாங்காமல் இருந்து பழகிய மனிசன். அவருக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்சாரும், உமக்கு முன்னால கொஞ்சப் பேரை வரிசையா நிப்பாட்டினாத்தான் எனக்கு இந்த வீட்டில நிம்மதி."

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அடுத்த கிழமையே சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். எந்த இடத்துக்கு என்று கேட்டார்கள். திரியாய் மலைக்கு என்றேன். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த மலையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருகோணமலையிலிருந்து கரையோடு வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினால் நிலாவெளி வரும், பிறகு குச்சவெளி வரும். அதையும் தாண்டினால் வயலும் பற்றைக்காடுமான ஓரிடத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய மலை. உச்சியில் பழைய பௌத்தத் தலம். நடுவில் சிறிய தூபி, அதைச் சுற்றி வட்டமாகக் கல்தூண்கள், படிகளுக்குக் காவலாகக் கல்லில் செதுக்கிய காவலர்கள். புத்தருக்கு ஞானம் கிடைத்ததும் முதன்முதலில் உணவு கொடுத்த வணிகர்கள் இருவர், அவரிடம் வாங்கிய தலைமுடியைப் பேழையில் வைத்துக் கடலால் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள் என்பது ஐதீகம். ஐதீகத்தை விடுங்கள். மலைப்பாறையில் ஒரு கல்வெட்டே இருக்கிறது. கடலோடி வணிகக் கூட்டத்தார் இந்தத் தலத்தோடு கொண்ட தொடர்பை அது சொல்கிறது. மொழி சமஸ்கிருதம். எழுத்து, பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்து.

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த வழிகாட்டி நல்ல மனிதர். சிங்களத்திலும் இங்கிலிசிலும் கையைக் காட்டிக் காட்டி விளக்கினார். பிள்ளைகள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு என் வாயைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக்குப் போய் வர மட்டும்தான் காணும். "கல்லு, பிள்ளையள், பழைய காலத்துக் கல்லு" என்று சொல்லிவிட்டுக் கீழே கூட்டிவந்து ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய தொண்டையை வைத்துக்கொண்டு சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றேனே என்ற கோபம் எனக்கு அதற்குப் பிறகு ஆறவேயில்லை.

பயிற்சி வகுப்பில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்கிற இளம் பெடியள். என்னை "அன்ரி" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் நாள் ஒருவனை வகுப்பில் கால்மேல் கால் போட்டு இருந்ததற்காக எழுப்பிவிட்ட பிறகு "ரீச்சர்" ஆனேன். படிப்பு முடிந்ததும் செய்முறைத் தேர்வு. சொந்தமாக ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய், தேர்வாளர்களுக்கு முன்னால் இடத்தைக் காட்டி விளக்க வேண்டும். எந்த மொழியில் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். நான் தமிழ் என்றேன்.

"தமிழிலயோ?" என்றார் பெயர் பதிந்தவர். அவரும் தமிழர்தான். "ரீச்சர், இங்கிலிசில செய்யுங்கோ. உங்களுக்கும் லேசு, எங்களுக்கும் லேசு. அந்த மலையில தமிழ்ல கேக்க ஆர் வரப்போயினம்? இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் தமிழில செய்து தவறினீங்களெண்டு வையுங்கோ, அந்த இடத்துக்குத் தமிழ் தேவையில்லையெண்டு ஒரேயடியா விட்டிடுவினம். பிறகு ஆரும் கேக்கவும் ஏலாது."

அந்தக் கடைசிக் கதைதான் என்னை யோசிக்க வைத்தது. என் வயதில் ஒரு தேர்வில் தவறுவது பெரிய காரியமில்லை. இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். ஆனால் நான் தவறினால் எனக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து அல்லவா கதவைச் சாத்திவிட்டுப் போவேன்? அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இருந்தாலும் எனக்கு ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னால் அதைச் செய்யாமல் இருக்கத் தெரியாது.

"தமிழிலதான்" என்றேன்.

பக்கத்து வீட்டு அண்ணருக்கு வேறு கவலை. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "தங்கச்சி, உங்களுக்கு ஏன் உந்த வேலை? அந்த மலையைச் சுத்தியிருக்கிற காணியெல்லாம் விகாரைக்குச் சொந்தமெண்டு பிரச்சினை. என்ர மச்சானாக்களின்ர வயலும் அதுக்குள்ளதான் கிடக்கு. நீங்கள் போய் அங்க விளக்கம் குடுத்தா, எல்லாம் அவையின்ர எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ?"

அந்தக் காணிக் கதை பொய்யில்லை. அவர் மனம் நொந்துதான் கதைத்தார். நானும் மெல்லத்தான் சொன்னேன்: "அண்ணை, பெரியகுளத்துப் பக்கத்து விகாரையில தமிழில எழுதின கல்வெட்டே இருக்கு. விளக்கெரிக்க எங்கட ஆக்கள் குடுத்த தானமெல்லாம் அதில கிடக்கு. நாங்கள் போகாமல் விட்டா அதெல்லாம் ஆர் வாசிக்கிறது? போகாத இடத்தைப் பற்றி நாங்கள் என்ன கதைக்கலாம்?"

"அது சரி" என்றார். வாய்தான் சரி என்றது, முகம் சரியென்று சொல்லவில்லை.

குழுவுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. பெடியள் தங்கள் கூட்டாளிகளைக் கூட்டிப் போனார்கள். எனக்குக் கிடைத்தது என் கணவரின் கூட்டம். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள், பின்னேரத்தில் கடற்கரையில் கூடியிருந்து, வருகிற கப்பலுக்கும் போகிற கப்பலுக்கும் குறை சொல்பவர்கள். கேட்டவுடன் முதல் கேள்வி, "மத்தியானச் சாப்பாடு உண்டோ ரீச்சர்?" உண்டு என்றேன். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் இல்லை.

தேர்வுக்கு முதல் நாள் பின்னேரம் எங்கள் முற்றத்தில் எல்லாரையும் வரிசையாக நிற்பாட்டி ஒழுங்குகளைச் சொல்லிக்கொடுத்தேன். மேலே போனதும் தொப்பியைக் கழற்ற வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கக்கூடாது. வெற்றிலை சப்பக்கூடாது. தூணில் சாயக்கூடாது.

"வேற என்ன ரீச்சர்?"

"வேற ஒண்டுமில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நான் சொல்லுறதைக் கேக்கோணும்."

சொல்ல வேண்டியதை எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். குசினியில் தேங்காய் துருவுகிறபோதும் அதுதான், துணி காயப்போடுகிறபோதும் அதுதான். எங்கே மூச்சு விடுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஒரு இடத்தில் நான் தடக்குப்பட்டபோது பக்கத்து அறையிலிருந்து என் கணவர் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுக்கு வீடு முழுக்க அது நிறைந்திருந்தது.

தேர்வு நடந்தது கச்சான் காற்றுக் காலத்தில். மேற்கே இருந்து அனலாக வீசிக்கொண்டிருந்தது. மலையடியில் தேர்வாளர்கள் இருவர் எங்களுக்கு முன்னரே வந்து காத்திருந்தார்கள். ஒருவர் சிங்களப் பெண்மணி, தொல்லியல் படித்தவர். தமிழ் கொஞ்சம் விளங்கும், கதைக்க வராது. மற்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். அவர் நான் சொல்வதைக் கேட்டு அந்த அம்மாவின் காதுக்குள் சிங்களத்தில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இருவர் கையிலும் புள்ளி போடக் கோப்பு இருந்தது. என் கணவர் எனக்குப் பின்னால் நின்று, "பயப்பிடாதையும்" என்றார். "நீங்கள் சும்மா நிண்டாலே காணும்" என்றேன்.

தொடங்கினேன். ஐயோ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வானொலிச் செய்தி மாதிரி ஓடியது. ஒரு பிழையும் இல்லை, ஓர் உயிரும் இல்லை. கல்வெட்டுப் பாறைக்கு முன்னால் நின்று மொழி, எழுத்து, காலம், வணிகக் கூட்டம் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, என் குழுவில் ஒருவர் பாறை இடுக்கில் ஓடிய உடும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நின்றபடியே கண்ணை மூடியிருந்தார். என் கணவரின் உதடு மட்டும் என்னோடு சேர்ந்து அசைந்தது, அவருக்குத்தான் எல்லாம் பாடமே. கிண்ணியாக்காரர் மொழிபெயர்க்கிற வேகம் குறைந்துகொண்டு வந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அந்த அம்மா தன் கோப்பில் எதையும் எழுதவில்லை. எழுதுவதற்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று எனக்கே விளங்கியது.

அப்படியே மேலே ஏறினோம். தூண் வட்டத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார்கள். நான் தேர்வாளர்கள் பக்கம் திரும்பி, "இப்போது நாம் காணும் இந்த வட்ட வடிவான அமைப்பு" என்று தொடங்கினேன். அந்த அம்மாவின் கண் என்னைத் தாண்டிப் போய் எங்கோ நின்றுவிட்டது. கிண்ணியாக்காரர் கையால் வாயைப் பொத்தினார். அதே நேரம் மேலே இருந்து காவலாளியின் விசில் கீச்சிட்டது.

திரும்பிப் பார்த்தேன். என் குழுவில் ஒருவர் மிச்சமில்லாமல் சேர்ட்டைக் கழற்றி, அதை இடுப்பில் சுற்றிக் கட்டி, வெறும் மேலோடு கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். முதல் ஆளாக நின்றவர் என் கணவர்.

வேறு ஊர்க்காரருக்கு இது விளங்காமல் போகலாம். எங்கள் கோயில்களில் ஆண்கள் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கோணேசரிடம் போனாலும் அப்படித்தான், தெருமுனைப் பிள்ளையாரிடம் போனாலும் அப்படித்தான். செருப்பைக் கழற்றிய கை தானாகச் சேர்ட்டுப் பொத்தானுக்குப் போகும். யாரும் சொல்லத் தேவையில்லை, யோசிக்கவும் தேவையில்லை. விகாரையில் அது தலைகீழ். அங்கே உடம்பை மூடி நிற்பதுதான் மரியாதை, வெறும் மேலோடு போவது அவமரியாதை. தொப்பியைச் சொன்னேன், வெற்றிலையைச் சொன்னேன், முதுகைச் சொன்னேன். சேர்ட்டைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை. பெண்பிள்ளையாகப் பிறந்து ஒருநாளும் கோயிலில் சேர்ட்டைக் கழற்றாதவளுக்கு எப்படி வரும்?

காவலாளி சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டு படியால் இறங்கி வந்தார். என் கணவரோ ஒன்றும் நடக்காதது போல, "என்ன பிழை? கும்பிடத்தானே போறம்?" என்று கேட்டார். பின்னால் நின்றவர் அதற்கு மேலே போய், "இவ்வளவு தூரம் ஏறி வந்து சேர்ட்டோட நிண்டு கும்பிட்டா, அது ஒரு கும்பிடோ?" என்றார்.

அப்போதுதான் அந்தத் தொண்டை வெளியே வந்தது.

"எல்லாரும் சேர்ட்டைப் போடுங்கோ!"

மலை அதிர்ந்தது. காவலாளியும் தன் கழுத்துப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். பெரிய மனிதர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பெடியள் மாதிரி அவசரம் அவசரமாகக் கையை நுழைத்தார்கள். என் கணவர் ஒரு பொத்தானை மாறிப் பூட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாடமாக்கிய அத்தனையும் கச்சான் காற்றோடு போய்விட்டிருந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடிந்ததுதானே, இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்றும் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கேள்விதான் வந்தது.

"ஏன் கழட்டினீங்கள்?" என்று கேட்டேன்.

"மரியாதைக்கு ரீச்சர்."

"இங்க ஏன் போடச் சொல்லுகினம்?"

என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அதுவும் மரியாதைக்குத்தான் போல."

"ஓம். இப்ப யோசிச்சுப் பாருங்கோ. ஒரு வியாபாரி கடலால வந்து இறங்குறான். அவன்ர ஊர் வேற, பாசை வேற, அவன் கும்பிடுற முறை வேற. இந்தப் படிக்கு வந்து நிக்கிறான். தலைப்பாகையைக் கழட்டுறதோ, செருப்பைக் கழட்டுறதோ, விழுந்து கும்பிடுறதோ, நிண்டு கும்பிடுறதோ, ஒண்டும் தெரியாது. இப்ப நீங்கள் நிண்ட மாதிரித்தானே நிண்டிருப்பான்? ஆரோ ஒரு ஆள் அவனுக்குப் பக்கத்தில வந்து, இங்க இப்பிடித்தான் தம்பி எண்டு சொல்லியிருக்கோணும். ரெண்டு பேற்ற பாசையும் தெரிஞ்ச ஆள். அப்பிடி ஒரு ஆள் இல்லாமல் இவ்வளவு ஊர்ச்சனமும் ஒரு மலையில கூடியிருக்க ஏலாது."

உடும்பு பார்த்தவர் சிரித்தார். "அப்ப அது எங்கட ரீச்சர்தான்."

அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இவர்களுக்கு நான் ஒப்புவிக்கத் தேவையில்லை, இவர்களைக் கதைக்க வைத்தால் போதும் என்று பட்டது. எல்லாரையும் கிழக்குப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே வயல், அதற்கப்பால் கடல். அன்றைக்குக் கடல் தகடு மாதிரிக் கிடந்தது.

"இப்ப என்ன காத்து?"

"கச்சான்" என்றார்கள் ஒரே குரலில். இப்போது ஒருவருக்கும் நித்திரை இல்லை.

"பாய்க்கப்பலில வந்தவன், இந்தக் காத்தில மேற்கால இந்தியாப் பக்கம் திரும்பிப் போகேலுமோ?"

"ஏலவே ஏலாது. முகத்தில அடிக்கும். வாடை பிறக்கோணும்."

"வாடை பிறக்குமட்டும்?"

"நிக்கோணும்."

"எங்க நிக்கிறது?"

அவர்கள் கடலைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் காலடியைப் பார்த்தார்கள். அதற்குள் ஒருவர் குறுக்கிட்டார், வாடைக்கு இந்தக் கரையில் கடல் பொங்கும், ஒரு கப்பலும் அண்டாது என்று. அதற்குத்தானே கடவுள் எங்களுக்குத் துறைமுகத்தைத் தந்தது, உள்ளே போய்க் கிடந்தால் எந்த வாடை என்ன செய்யும் என்று இன்னொருவர் எகிறினார். இங்கே இறங்கினார்களா, துறைமுகத்தில் இறங்கிக் கரையால் வந்தார்களா என்று பெரிய சண்டை. நான் நடுவில் நின்று, ஒருவர் கதைக்க மற்றவர் பொறுக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினேன். கல்வெட்டில் அது இல்லை, அதனால் எனக்கும் தெரியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். கிண்ணியாக்காரர் இரண்டு பக்கக் கதையையும் சிங்களத்தில் சொல்லி முடிக்க முடியாமல் திணறினார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து, விடாமல் சொல்லச் சொல்லி நெருக்கினார்.

"சரி, வேற ஒண்டு கேக்கிறன்" என்றேன். "நீங்கள் எத்தனை நாட்டுக் கப்பலைக் கண்டிருப்பியள். கப்பல்காரன் கரையில இறங்கினா முதல் என்ன கேப்பான்?"

"நல்ல சாப்பாடு."

"வீட்டுக்குக் கோல் எடுக்க சிம் காட்."

"கோயில்" என்றார் என் கணவர். "ஒருத்தன் சேர்ச் எங்க எண்டு கேட்டு, நான்தான் ஓட்டோவில ஏத்தி விட்டனான். பாதை முழுக்க அழுதுகொண்டு போனவன். கடலில காத்தும் மழையுமா, தப்பி வந்தவங்கள்."

இதை அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நான் அவரைப் பார்த்தேன். பிறகு தூண்களைக் காட்டினேன். "அப்ப வந்தவனும் மனிசன்தானே? மாதக்கணக்கா நிக்கிறவனுக்குத் தண்ணி வேணும், நாலு மனிசர் வேணும், பயணத்தில உயிர் தப்பினதுக்கு நிண்டு கும்பிட ஒரு இடம் வேணும். கையில வசதி வந்தவன் அந்த இடத்துக்குக் கல் எடுத்துக் குடுக்கிறான், தூண் நிறுத்திக் குடுக்கிறான். இந்த மலை அப்பிடி வளர்ந்திருக்கலாம்."

"நேர்த்திக்கடன்" என்றார் ஒருவர் மெதுவாக. யாரும் சொல்லாமலே எல்லாரும் தூபியைச் சுற்றி நடந்தார்கள். சேர்ட்டோடுதான்.

சுற்றி வந்ததும் கேள்வி நேரம். அந்த அம்மா சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிண்ணியாக்காரர் அதைத் தமிழில் சொல்ல முன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரீச்சர், இந்த இடம் ஆருடையது எண்டு வாறவங்க கட்டாயம் கேப்பாங்க. கோபத்தோட கேக்கிறவங்களும் இருப்பாங்க. என்ன சொல்லுவீங்க எண்டு கேக்கிறா."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணரின் முகம் எனக்கு முன்னால் வந்தது. பாடப் புத்தகத்தில் இதற்கு மழுப்பலாக ஒரு பதில் இருந்தது. எனக்கு மழுப்ப வராது.

"கேக்கிறவர் எந்தப் பக்கமெண்டு பார்த்து நான் பதிலை மாத்த மாட்டன்" என்றேன். "இங்க கும்பிட்டது புத்தரை. கல்லில இருக்கிறது வியாபாரிமாரின்ர கதை. எழுதின மொழி வடக்கில இருந்து வந்தது, எழுத்து தெற்கில இருந்து வந்தது. கல்லு இந்த மலையின்ர கல்லு. கீழ வயல் செய்யிறது தமிழ்ச் சனம், அவைக்கு அந்த வயலைப் பற்றிப் பயம் இருக்கு, அதுவும் உண்மை. இதில ஒண்டையும் விடாமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லுவன். ஒண்டை விட்டிட்டுச் சொன்னா அதுதான் பொய்."

கிண்ணியாக்காரர் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கோப்பைத் திறந்து நெடுநேரம் எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுதி முடித்து, மூடி, எனக்குத் தலையை ஆட்டினார். நான் தேறிய செய்தி பிறகு தொலைபேசியில்தான் வந்தது. என் மனிசன் எங்கள் தெரு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து அண்ணரும், "அந்த வயல் கதையையும் சொன்னனீங்களாம்" என்று கையைப் பிடித்தார். எல்லாம் சந்தோசம்தான். ஆனால் நான் வென்றது தொலைபேசி வந்த அன்றைக்கு இல்லை.

அன்றைக்கு மலையில், தேர்வு முடிந்தது, சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கலாம் என்று என் குழுவைத் திருப்பினேன். திரும்பினால் வழி இல்லை. படியிலும் பாறையிலுமாக ஒரு கூட்டம் நின்றது. மட்டக்களப்புப் பக்கமிருந்து வான் பிடித்து வந்த ஒரு பெரிய குடும்பம், இடுப்பில் பிள்ளைகளோடு. மூதூரில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பெடியள். மலையடியில் இளநீர் விற்கிறவர், கடையை அப்படியே விட்டுவிட்டு. எப்போது வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சேர்ட்டுக்கு நான் போட்ட சத்தம் கீழே கேட்டு, தமிழ்க் குரலாக இருக்கிறதே என்று ஏறி வந்தார்களாம். அந்தக் குடும்பத்தின் மூத்த பெண் முன்னுக்கு வந்தாள்.

"மிஸ், நாங்க பிந்தித்தான் வந்த. கீழ உள்ள கல்லப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. எங்களுக்கும் ஒருக்கா சொல்லுங்களன்."

தமிழில் கேட்க ஆர் வரப்போகிறார்கள் என்று சொன்ன மனிதரை அந்த நேரத்தில் அங்கே கொண்டுவந்து நிற்பாட்ட வேண்டும் போல இருந்தது. பசி பறந்துவிட்டது. என் குழுவைப் பார்த்தேன். சாப்பாட்டுக்காக வந்தவர்கள் பொதியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கீழ இறங்குங்கோ" என்றேன். "கல்லில இருந்து தொடங்குவம்."

இறங்கினோம். அந்தச் சிங்கள அம்மாவும் கோப்பைப் பையில் போட்டுவிட்டு, கிண்ணியாக்காரரையும் இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். பாறைக்கு முன்னால் நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். இந்த முறை எனக்குப் புள்ளி போட ஒருவரும் இல்லை. கேட்கத்தான் ஆள் இருந்தது, கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டிய அளவுக்கு.